விடையைக் கொண்டு ஆங்கில வினாச்சொல்லைத் தெரிதல்

ஆங்கிலத்தில் கேள்வி கேட்க முற்படும் தமிழர் பலர், மனத்தில் எழும் தமிழ் வினாச்சொல்லை அப்படியே பெயர்த்து, ‘என்ன’ என்றால் ‘வாட்’, ‘எப்படி’ என்றால் ‘ஹவ்’ என்று கொள்வதாலேயே தடுமாறுகின்றனர். வரவேண்டிய விடை பெயரா, காரணமா, அளவா என்பதே வினாச்சொல்லைத் தீர்மானிக்கிறது. வெளிமாநில வணிகரோடு பட்டாசு விற்பனை பேசவேண்டியிருக்கும் விஸ்வநத்தம் போன்ற சிவகாசி வட்டார ஊர்களில் இது அன்றாடத் தேவையுமாகும்.

முதற்படியாக, முழு விடையையும் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம், காற்று மாசும் இரைச்சலும் குப்பையும் மிகுவதால் சரவெடியைத் தடைசெய்தது என்பதை எடுத்துக்கொண்டால், தடைசெய்தவரைக் கேட்க ‘ஹூ’, தடைசெய்யப்பட்ட பொருளைக் கேட்க ‘வாட்’, காலத்துக்கு ‘வென்’, காரணத்துக்கு ‘ஒய்’ என்று ஒவ்வொரு பகுதிக்கும் உரிய சொல் தானே கிடைத்துவிடும்.

அடுத்தது சொல்லின் இடம். ‘நீதிமன்றம் எதைத் தடைசெய்தது?’ என்னும்போது, தமிழ் வினாச்சொல் விடை நிற்கவேண்டிய இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலமோ அதை முன்னுக்கு இழுத்து, ‘டிட்’ என்னும் துணைவினையையும் சேர்த்து, ‘வாட் டிட் த கோர்ட் பேன்?’ என்கிறது. ஆனால் எழுவாயையே, அதாவது செயலைச் செய்தவரையே, கேட்கும்போது துணைவினை வேண்டியதில்லை: ‘ஹூ பேன்ட் இட்?’. பள்ளியில் இவ்வேறுபாட்டுக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்குவது தகும்.

தமிழ்ச்சொல் ஏமாற்றும் இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். ‘பெட்டி என்ன விலை?’ என்பதில் ‘என்ன’ இருப்பினும் விடை தொகையாதலால் ‘ஹவ் மச் இஸ் த பாக்ஸ்?’ என்றே கேட்க வேண்டும், ‘என்ன வயது?’ என்பதும் அவ்வாறே ‘ஹவ் ஓல்ட்’ ஆகிறது. மாறாக, புஸ்வாணத்தைக் கையில் எடுத்து ‘இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள்?’ என்று கேட்பவர் எதிர்பார்ப்பது ‘ஃபிளவர் பாட்’ என்னும் பெயரை. ஆகவே ‘வாட் டூ யூ கால் திஸ்?’ என்பதே சரி.

கண்முன் உள்ள சிலவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு ‘விச்’ பொருந்தும். எண்ணக்கூடிய பெட்டிகளுக்கு ‘ஹவ் மெனி’, எடைபோடும் வெடிமருந்துக்கு ‘ஹவ் மச்’ என்பது ‘எத்தனை’, ‘எவ்வளவு’ என்பவற்றோடு ஒத்துப்போவதால் தொல்லையில்லை.

எஞ்சுவது ‘எத்தனையாவது’. தமிழில் மிக இயல்பான இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேரான ஒற்றைச்சொல் இல்லை. பட்டாசு ஆலையில் ‘இது எத்தனையாவது அறை?’ என்று கேட்க விரும்புபவர், விடை ஓர் எண் என்பதை உணர்ந்து, ‘வாட் இஸ் த நம்பர் ஆஃப் திஸ் ரூம்?’ என்று வாக்கியத்தையே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.