பழைய காரின் பிரேக்: நாம் பார்க்கத் தவறும் கணக்கு

நம் வணிகர்களில் பலர் வீட்டில் இன்னும் பழைய அம்பாசடர் நிற்கிறது. 2014-ல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றுவிட்டாலும், தகப்பனார் வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வருவதில்லை. வைத்திருப்பது சரி; அதன் பிரேக்கைக் கவனிக்கிறோமா?

கே.கே. நகரில் நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். பிரேக் ஆயில் அடிக்கடி குறைந்தது. இரண்டு மாதம் ஊற்றி ஊற்றி ஓட்டினோம். ஒரு மாலை வசூல் முடித்துத் திரும்புகையில் குறுக்கே சைக்கிள் வந்தது. பிரேக்கை அழுத்தியதும் வண்டி இடப்பக்கம் இழுத்துப் போய், ஓரமாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"மூட்டையில அரை கிலோ குறைஞ்சா கடையையே புரட்டுவீங்களே அண்ணாச்சி, ஆயில் குறைஞ்சப்ப ஏன்னு கேக்கலையா?" என்றார் மெக்கானிக். நம்மிடம் பதில் இல்லை.

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் ஆயில், வீல் சிலிண்டருக்குப் பாய்ந்து ஷூவை விரித்து டிரம்மோடு உரச வைக்கிறது. முன்சக்கரங்களில், சுழலும் டிரம்மே ஷூவை மேலும் இறுக்கிக்கொள்ளும். பிடிப்பு பெருகுவது போலவே, ஒரு பக்கத்துக் குறையும் பெருகும். நம் வண்டியில் வலது முன் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. இடது மட்டும் பிடித்தது. தட்டு சமமில்லாத தராசு கதைதான்.

கவனிக்க வேண்டியவை:

1. ஆயில் குறைந்தால் கசிவைத் தேடவும். நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடாமல், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவும்.

2. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். சூட்டில் அது ஆவியாகி, மிதி பஞ்சு போல் இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றி, ஏர் எடுக்கவும். என்ஜின் ஆயில் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. ரப்பர் ஊதிக் கெடும்.

3. லைனிங் தேயத் தேய மிதி கீழே இறங்கும். ஜாக்கி போட்டு, சக்கரம் நிற்கும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்தவும். ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் சரிசெய்யவும்.

4. டிரம் வட்டம் கெட்டால் மிதி அதிரும். லேத்தில் கடையலாம், அளவு மீறினால் டிரம் மெலிந்துவிடும்.

5. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

6. மழைநீரில் போனால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் பிடிக்காது. தண்ணீரைக் கடந்ததும், மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாக அழுத்தி உலர்த்தவும்.

7. ஏற்காடு போன்ற மலையிலிருந்து சிறிய கியரிலேயே இறங்கவும். விடாமல் பிரேக் அழுத்தினால் டிரம் சூடேறி விரியும், பிடிப்பு போய்விடும்.

மாதக் கடைசியில் இருப்புக் கணக்குப் பார்க்கும் நாளிலேயே பிரேக் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுவோம். சரக்கில் வந்த நட்டத்தை அடுத்த மாதம் ஈடுகட்டலாம். உயிரை ஈடுகட்ட முடியாது.