புதிய சரித்திர நாவலை ஒருவர் கையில் கொடுக்கும் முன்

நூலகத்திலோ புத்தகக் கடையிலோ வாசகர் வட்டத்திலோ இப்போதுதான் காலடி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். "புதுசா என்ன சரித்திர நாவல் வந்திருக்கு?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது இனி உங்கள் வேலை. ஆயுளில் பெரும்பகுதியை நூலக மேஜைக்குப் பின்னால் கழித்தவன் என்ற உரிமையில், நான் கடைப்பிடித்து வந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

1. வந்தவர் கடைசியாக முழுதும் படித்து முடித்த புத்தகம் எது என்று கேளுங்கள். பிடித்த புத்தகம் எது என்று கேட்டால், சொன்னால் கௌரவமாக இருக்கும் ஒரு பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். முடித்தது எது என்று கேட்டால் உள்ளது வரும்.

2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு, "இதே மாதிரி வேற இருக்கா?" என்று வருகிறவர்கள் ஏராளம். அந்த "இதே மாதிரி"க்குள் பலவகை ஆசைகள் இருக்கின்றன. ஒருவருக்கு வந்தியத்தேவனின் குதிரையும் ஓட்டமும் பிடித்திருக்கும். இன்னொருவருக்குப் பட்டம் யாருக்கு என்ற அரண்மனைச் சூழ்ச்சி. வேறொருவருக்குப் பழையாறை, கோடிக்கரை என்று தனக்குத் தெரிந்த ஊர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தன என்ற ஆவல். சூழ்ச்சியை ரசித்தவருக்குப் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலை நம்பிக் கொடுக்கலாம். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் நடக்கும் பேரங்கள் எந்த அரண்மனைக்கும் குறைந்தவை அல்ல. ஊரை ரசித்தவருக்கு, மதுரையின் ஆறு நூற்றாண்டுகளைச் சொல்லும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. இவை பழையவை, உங்களுக்குத் தெரிந்தவை. நேற்று வந்த நாவலையும் இந்த வகையில் பிரித்து மனதில் வைத்துக்கொண்டால், யாருக்கு எது என்று தடுமாற வேண்டியிருக்காது.

2. எந்தப் புதிய நாவலையும் "அடுத்த பொன்னியின் செல்வன்" என்று சொல்லாதீர்கள். பதிப்பாளர் பின்னட்டையில் போட்டிருந்தாலும் நீங்கள் சொல்லாதீர்கள். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டிய கட்டாயம் அதன் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் தெரியும். இன்று வரும் நாவல்களில் பல, நேராகப் புத்தகமாகவே எழுதப்படுபவை. அவற்றின் நடை வேறு, மூச்சு வேறு. கல்கியை எதிர்பார்த்துப் போகிறவர் ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். புது எழுத்தாளர் ஒரு வாசகரை இழப்பார், வாசகர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கையை இழப்பார்.

3. படிக்காததைப் படித்ததுபோல் சொல்லாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் டிசம்பரிலிருந்தே புதுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். எல்லாவற்றையும் படிக்க யாராலும் ஆகாது. படிக்காதபோது, "இன்னும் படிக்கவில்லை, இரண்டு அத்தியாயம் புரட்டியிருக்கிறேன்" என்று உள்ளபடி சொல்லுங்கள். அப்படிப் புரட்டும்போது முதல் அத்தியாயத்தோடு நிற்க வேண்டாம். அதை எல்லோருமே நன்றாகச் செதுக்கியிருப்பார்கள். புத்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் ஓர் அத்தியாயம் படியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த போரோ பட்டாபிஷேகமோ நெருங்கும் இடம் அது. அங்கே கதாபாத்திரங்களை விட்டுவிட்டுப் பாடப் புத்தகம் ஒப்பிக்க ஆரம்பிக்கும் நாவல்கள் நிறைய. அங்கேயும் மனிதர்கள் மனிதர்களாகவே பேசிக்கொண்டிருந்தால் அந்த நாவலைத் தைரியமாக எடுத்துக் கொடுக்கலாம்.

4. எது வரலாறு, எது கற்பனை என்று இரண்டு வாக்கியமாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலில் உடையார்குடிக் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணையாக அறிஞர்கள் பெரும்பாலும் கொள்வது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. இவர்களில் இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் இருக்கிறது. அரசு அதிகாரத்தில் இருந்த பிராமணர்களுக்குக் கிடைத்த பட்டம் அது. கல்கியின் நாவலில் வரும் இரவிதாசனோ நள்ளிரவில் ஆந்தைபோல் அலறும் மந்திரவாதி. கல்லில் இருந்த ஒரு பெயரை எடுத்து, அதற்கு முகமும் குரலும் கொடுத்து, நம் தூக்கத்தைக் கெடுத்தார் கல்கி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வல்லவரையர் வந்தியதேவர் குந்தவையின் கணவராகப் பெயரளவில்தான் வருகிறார். நந்தினிக்கும் பூங்குழலிக்கும் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடையாது.

இதைச் சொன்னால் வாசகருக்கு நாவல் கசந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். இத்தனை சிறிய ஆதாரத்திலிருந்து இத்தனை பெரிய உலகமா என்று வியப்புக் கூடத்தான் செய்யும். சொல்லாமல் விட்டால் வேறொன்று நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நந்தினியைச் சோழ வரலாற்றில் தேடுகிறார்கள். பெரியவர்கள் நாவலின் வசனத்தைச் சான்றாகக் காட்டி வாதாடுகிறார்கள். ஆகவே புது நாவல் கைக்கு வந்ததும் முன்னுரையையும் பின்னுரையையும் பாருங்கள். எந்தக் கல்வெட்டு, எந்தச் செப்பேடு, யாருடைய ஆய்வு, எங்கே தன் கற்பனை தொடங்குகிறது என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அவரை மதியுங்கள். ஒன்றுமே சொல்லாமல் "முழுக்க முழுக்க உண்மை வரலாறு" என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

5. சோழர் காலத்துச் சமையல்காரர் குழம்பில் மிளகாய் கிள்ளிப் போட்டால் அது பிழைதான். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகுதான் இந்த மண்ணுக்கு வந்தன. அதற்கு முன் காரம் என்றால் மிளகு. ஆனால் ஒரு மிளகாய்க்காக ஒரு நாவலைத் தள்ளிவிடாதீர்கள். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். திருத்த முடியாத பிழை மனதைப் பற்றியது. பத்தாம் நூற்றாண்டுப் பெண், நேற்றைய மேடைப் பேச்சாளர்போல் சிந்திப்பது. ஒரு குறுநில மன்னன் இன்றைய மாநில எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டு படை நடத்துவது. உடையும் வாளும் அந்தக் காலத்தவையாக இருந்து, மனசு மட்டும் இந்தக் காலத்ததாக இருந்தால் அந்த நாவல் வாசகரை எங்கேயும் கூட்டிப்போகாது.

6. ஒரு சாதியை உயர்த்தவும் இன்னொன்றைத் தாழ்த்தவும் எழுதப்படும் சரித்திர நாவல்கள் வருகின்றன. நல்ல தாளில், அழகான அட்டையில், விழா எடுத்து வெளியிடப்படுகின்றன. இவற்றைப் பரிந்துரைக்காதீர்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எதிரி என்று காட்டப்படுகிறவருக்கு ஒரு தாய் இருக்கிறாளா, பசி இருக்கிறதா, பயம் வருகிறதா, அவர் பக்கத்து நியாயம் ஒரு பக்கமாவது பேசப்படுகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அங்கே நாவலும் இல்லை. கேட்டு வருகிறவர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். அந்தக் காலத்தையே வேறு கண்ணால் பார்த்து எழுதிய நல்ல புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.

7. அரசர்களோடு நின்றுவிடாதீர்கள். சரித்திர நாவல் என்றாலே மகுடம், உடைவாள், கோட்டைச் சுரங்கம் என்ற நினைப்பு வாசகரிடம் இருக்கும். அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது உங்கள் கடமை. ஜெயமோகனின் 'வெள்ளை யானை', 1870-களின் பெரும் பஞ்சத்தையும் சென்னை ஐஸ் ஹவுஸில் உழைத்த தலித் தொழிலாளர்களையும் பற்றியது. பூமணியின் 'அஞ்ஞாடி' கரிசல் காட்டு எளிய குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, 1899 சிவகாசிக் கலவரத்துக்குள் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'க்கு 2022-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் அரசர் இருக்கிறார், ஆனால் சிம்மாசனம் இல்லை. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1802-இல் சிவகங்கையின் பெரிய உடையணத் தேவரையும் அவரோடு இருந்தவர்களையும் கம்பெனியார் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. தோற்றவர்களைக் கடலுக்கு அப்பாலும் பின்தொடர்ந்து போகும் நாவல்கள் நமக்கு மிகக் குறைவு. அப்படிப் புதிதாக ஒன்று வந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

8. முடிவைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டதை எவரும் பள்ளியில் படித்திருப்பார்கள். அதைச் சொல்வதால் ஒன்றும் கெடாது. அவர்கள் படையில் இருந்ததாக ஆசிரியர் கற்பனை செய்த ஒரு பெயரில்லாத வீரன் கடைசியில் ஊர் திரும்பினானா என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். படிக்கிறவர் பதைபதைப்பது அவனுக்காகத்தான்.

9. தடித்த புத்தகத்தைப் பார்த்து மிரளுகிறவர்களுக்குக் கை கொடுங்கள். 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். புதிதாக வருபவையும் பல, தலையணை அளவுதான். பக்கத்தைவிடப் பெயர்கள்தாம் வாசகரைத் தடுக்கின்றன. அருள்மொழிவர்மன்தான் இராஜராஜன் என்று தெரியாமல் இரண்டு ஆட்களைத் தேடுகிறவர்கள் உண்டு. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள், ஓர் அரசர் ஒன்று என்றால் அவருக்கு அடுத்துப் பட்டத்துக்கு வருகிறவர் மற்றது என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். அரைத்தாளில் முக்கியமானவர்களின் பெயரையும் உறவையும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். வம்சாவளியும் வரைபடமும் இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் திறந்து காட்டுங்கள்.

10. எழுதியவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

11. புதிய நாவல், புதிதாக இருக்கும்போதே நாலு பேர் பேசினால்தான் பிழைக்கும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் புத்தகமாக வந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்துப் பினாங்கையும் மேடானையும் தமிழில் அப்படி எழுதியவர் இன்னொருவர் இல்லை. வந்த காலத்தில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். கொண்டாட்டமெல்லாம் மிகவும் பிந்தித்தான் வந்தது. அவர் எழுதியது மொத்தம் இரண்டு நாவல்கள். சரியான நேரத்தில் ஊர்தோறும் ஒருவர் அதை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் மேலும் எழுதியிருப்பாரோ என்று நான் பலமுறை நினைத்து வருந்தியிருக்கிறேன். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் 'மோகனாங்கி'யைத் திருகோணமலைக்காரரான சரவணமுத்துப் பிள்ளை 1895-இல் எழுதினார். கல்கியை மனப்பாடமாகச் சொல்கிற வாசகர்களில் பலருக்கு இன்றும் அந்தப் பெயர் தெரியாது. பெரிய விளம்பரம் இல்லாத சிறு பதிப்பகத்துப் புத்தகம் ஒன்று உங்கள் மேஜைக்கு வரும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள்.

12. வாங்கிப் போனவர் திரும்ப வரும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாயிருந்தது" என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் வேகம் குறைந்தது, எங்கே கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். பாதியில் விட்டிருந்தால் அதற்காக வாசகரைக் குறைத்து நினைக்காதீர்கள். அவர் விட்ட பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அடுத்தவருக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அது காட்டும்.

முடித்துவிட்டு வந்தவருக்கு உடனே இன்னொரு நாவலை நீட்ட வேண்டாம். அந்தக் காலத்தைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றைக் காட்டுங்கள். சோழர் நாவல் படித்தவருக்குச் சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. பிரபஞ்சனைப் படித்தவருக்கு, அவர் எழுத ஆதாரமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தான் கண்டதையும் கேட்டதையும் பிள்ளை எழுதி வைத்தது. நூலகத்தில் நாவல் ஓர் அலமாரியிலும் வரலாறு வேறோர் அலமாரியிலும் இருக்கும், அதை மாற்ற நமக்கு அதிகாரம் கிடையாது. நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு வைத்து, வரலாற்று நூலின் பெயரையும் அது இருக்கும் அலமாரி எண்ணையும் எழுதி வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.