நிக்கல் தேன்கூடு: அணைவுப் பலபடியைப் படிகமாக வளர்க்க

நிக்கல் உப்பையும் டிரைமெசிக் அமிலத்தையும் நேராகக் கலந்தால் எந்த வலை உருவாகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். நிக்கலுக்கு ஆறு பிணைப்பிடங்கள். அமிலம் எதில் வேண்டுமானாலும் பிடிக்கும். அதனால் முதலில் சைக்லாம் என்ற பெருவளைய ஈனியைச் சேர்க்கிறோம். அதன் பதினான்கு அணு வளையத்தில் உள்ள நான்கு நைட்ரஜன்கள் ஒரே தளத்தில் நிக்கலைச் சூழ்ந்துகொள்ள, மேலும் கீழுமாக இரண்டு இடங்களே மிஞ்சும். அமிலத்திலிருந்து வரும், மூன்று கை கொண்ட டிரைமெசேட் அயனி அங்கேதான் வர முடியும்.

மின்சுமை சமமாக 3 நிக்கலுக்கு 2 டிரைமெசேட். எடை: நிக்கல் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 71 மி.கி., சைக்லாம் 60 மி.கி., டிரைமெசிக் அமிலம் 42 மி.கி., சோடியம் ஹைட்ராக்சைடு 24 மி.கி. பழைய செய்முறைகள் பெர்குளோரேட் உப்பைச் சொல்லும். அது வெடிக்கக்கூடியது, வேண்டாம். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை, மெத்தனால் நஞ்சு. கையுறையும் புகைப்போக்கிப் பெட்டியும் கட்டாயம்.

நிக்கல் குளோரைடையும் சைக்லாமையும் 15 மி.லி. மெத்தனாலில் கரைத்து இளஞ்சூட்டில் கலக்குங்கள். பச்சை முற்றிலும் மறைய வேண்டும். பச்சை மிச்சமிருந்தால் வளையத்துக்குள் போகாத நிக்கல் இருக்கிறது என்று பொருள். அது பின்னால் வேறு ஏதோ ஒரு வீழ்படிவைத் தரும். அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. ஹைட்ராக்சைடுடன் சேர்த்து 10 மி.லி. தண்ணீரில் தெளிவாகும்வரை கலக்கி, இரண்டு கரைசல்களையும் வடிகட்டுங்கள். தூசி இருந்தால் அதைச் சுற்றிக் குட்டிப் படிகங்கள் கூட்டமாக முளைக்கும்.

அவசரக்காரர்கள் தோற்பது அடுத்த கட்டத்தில்தான். ஒடுங்கிய சோதனைக்குழாயில் 2 மி.லி. டிரைமெசேட் கரைசலை அடியில் ஊற்றுங்கள். குழாயைச் சாய்த்து, பிப்பெட்டின் நுனியைச் சுவரில் ஒட்டி, சரிபாதித் தண்ணீர்-மெத்தனால் கலவை 2 மி.லி.யைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். அதே வகையில் மேலே 3 மி.லி. நிக்கல் கரைசல். வெளிச்சத்தில் பார்த்தால் அடுக்குகளுக்கிடையே கானல் போன்ற நெளிவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுக்குகள் கலந்துவிட்டன. புதிதாகத் தொடங்குவதே மேல். மூடிவிட்டு, வெற்றிடப் பம்பின் அதிர்வு எட்டாத மூலையில் வையுங்கள். நாட்களாகலாம், வாரங்களாகலாம். இடையில் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள்.

நிறமற்ற படிகம் வந்தால் அதில் நிக்கல் இல்லை. நடு அடுக்கில் தண்ணீரைக் கூட்டுங்கள். தூளாக விழுந்தால் இரண்டு கரைசல்களையும் பாதியாக நீர்க்கச் செய்யுங்கள்.

வலை தேன்கூடாகத்தான் வரும் என்று முன்பே முடிவுகட்டவும் கூடாது. சைக்லாம், நிக்கல், டிரைமெசேட் கூட்டணி, உள்ளே அடைபடும் விருந்தாளி மூலக்கூறைப் பொறுத்துச் செங்கல் சுவராகவோ தேன்கூடாகவோ அமையும் என்று சோய், சுஹ் என்ற வேதியியலாளர்கள் கொரியாவில் 1998இல் காட்டினார்கள். நிக்கலின் மேல், கீழ் இடங்களைத் தண்ணீரே பிடித்துக்கொண்டு, வலை ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் நிற்பதும் உண்டு. எக்ஸ்-கதிர் ஆய்வுதான் தீர்ப்புச் சொல்லும்.

அதற்குப் படிகத்தைக் காயவிடாதீர்கள். துளைகளில் உள்ள கரைப்பான் வெளியேறினால் விரிசல் விழும். தாய்க்கரைசலோடு உறிஞ்சி, நேரே எண்ணெய்த் துளிக்குள் விடுங்கள். முனைவாக்கிகளுக்கிடையே சுழற்றும்போது முழுதும் ஒரே நேரத்தில் இருளும் படிகத்தைத் தேர்ந்தெடுங்கள்.