வாசனைக் கலவை: மளிகைக் கடைக்கு ஏற்ற துணைத் தொழில்



உலர்ந்த பூக்களையும் வாசனைச் சரக்குகளையும் கலந்து, கிண்ணத்திலோ துணிப்பையிலோ இட்டு வீட்டில் வைப்பது மேல்நாட்டாரின் வழக்கம். பிரெஞ்சுக்காரர் இதைப் ‘போப்பூரி’ என்பர். துணிப்பெட்டியில் வெட்டிவேரும் மகிழம்பூவும் போட்டு வைத்த நமக்கு இது புதிதல்ல. இதற்கு வேண்டிய சரக்கில் பாதிக்குமேல் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலுமே இருக்கிறது. பெரிய அங்காடிகளோடு விலையில் போட்டியிட முடியாத சிறு வணிகர், கைப்பக்குவத்தால் லாபம் பார்க்கக்கூடிய பொருள் இது. ஆகவே, செய்முறையை வரிசையாகக் காண்போம்.

பூ தேர்வு: எல்லாப் பூவும் உதவாது. மல்லிகை காய்ந்தால் மணம் போய்விடும். சத்தியமங்கலம் சந்தையில் மல்லிகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் காயவைத்தால் நஷ்டம்தான். பன்னீர் ரோஜா, மகிழம்பூ, மரிக்கொழுந்து ஆகியவை காய்ந்தும் மணக்கும். ஆவாரம்பூ நிறத்திற்காக மட்டும்.

உலர்த்தல்: வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போகும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெள்ளைத் துணி மேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். ஆடிக் காற்றில் புழுதி படியாமல் மேலேயும் ஒரு துணி அவசியம். கையில் நொறுங்கும் பதம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சிறிது ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்து முழுத் தகரமும் வீணாகும்.

பிடிப்புச் சரக்கு: பூவின் மணம் விரைவில் பறந்துவிடும். அதைத் தாங்கி நிறுத்த, மெதுவாக மணம்விடும் சரக்கு ஒன்று வேண்டும். மேல்நாட்டில் ஒருவகைக் கிழங்கைச் சேர்ப்பர். நமக்கு வெட்டிவேரும் கிச்சிலிக் கிழங்கும் அந்த வேலையைச் செய்யும். வெட்டிவேர் கடலூர்ப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் நன்கு விளைகிறது. மண் நீங்கிய வேராகப் பார்த்து வாங்குக. இல்லையேல் மண்ணுக்கும் விலை கொடுப்போம்.

ஒரு கிலோவுக்கு அளவு: ரோஜா இதழ் 400 கிராம், வெட்டிவேர் 150, ஆவாரம்பூ 100, கிச்சிலிக் கிழங்கு 100, உலர்ந்த எலுமிச்சைத் தோல் 75, மகிழம்பூ 50, மரிக்கொழுந்து 50, பட்டை 40, கிராம்பு 20, ஏலத்தோல் 15. வேரை நறுக்கி, கிழங்கையும் பட்டையையும் ஒன்றிரண்டாக இடித்துக் கலந்து, மூடிய தகரத்தில் மூன்று வாரம் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். அதன்பின்தான் மணம் ஒன்றுகூடும்.

அடக்க விலை: இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஐந்து கிலோ ஈர இதழ் காய்ந்தால் ஒரு கிலோ தேறுவதே அரிது. ஈரப்பூ கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த இதழின் அடக்கம் 500 ரூபாய்க்குக் குறையாது. அதன்மேல் கூலி, பை, சேதாரம் ஆகியவற்றையும் கூட்டியே விலை வைக்க வேண்டும்.

நாணயம்: வண்டு விழுந்த சரக்கைத் தள்ளிவிட இதுவே வழி என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்த வண்டு வாங்கியவர் வீட்டு அரிசிக்கும் பரவும். நம் கடையின் பெயரும் கூடவே போகும். எண்ணெய் எடுத்த கிராம்பும் சந்தையில் உலவுகிறது. தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு அடியில் தங்கும், எண்ணெய் எடுத்தது மிதக்கும். ஒருமுறை கலவையில் சேர்ந்த பட்டை, கிராம்பு மீண்டும் மசாலாப் பெட்டிக்குத் திரும்பவே கூடாது.

சட்டம்: முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்றால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி பொருளின் பெயர், பொட்டலமிட்டவர் பெயர் முகவரி, நிகர எடை, மாதம் ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் விவரம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். ‘உண்பதற்கன்று, உடலில் பூசுவதற்கன்று’ என்றும் போடுவது நலம். இதையே குளியல் பொடி என்று தயாரித்து விற்றால் அது அழகுசாதனப் பொருளாகிவிடும். அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

இருப்பும் விற்பனையும்: தேயிலை, அரிசி, மாவு வகைகளின் அருகில் வைக்க வேண்டாம், அவை வாசனையை இழுத்துக்கொள்ளும். நமது கொடுமுடியில் ஆடிப் பதினெட்டுக்கும், பங்குனி உத்திரத்தையொட்டிப் பழனிக்குத் தீர்த்தம் எடுக்கவும் காவிரிக்கரைக்குத் திரளாக மக்கள் வருகிறார்கள். 25 கிராம் துணிப்பை கையடக்கமானது, வழியில் உடையாது. திருமணத் தாம்பூலப் பைக்கும் ஏற்றது.

முதலில் ஒரு கிலோ மட்டும் செய்து பார்க்கவும். அது விற்றுக் கைமுதல் திரும்பிய பிறகு, அடுத்த கொள்முதலுக்குப் போகலாம். வாங்கியவர் மீண்டும் வந்து கேட்டால் சரக்கு சரி என்று பொருள். வராவிட்டால் நம் பக்குவத்தை ஒருமுறை சோதிப்போம்.