ஊர்ப்பெயரும் உரிமையும்

சில பொருள்களின் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்தே வழங்கும். மதுரை மல்லி, திண்டுக்கல் பூட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்பன அத்தகையவை. மண், நீர், தட்பவெப்பம், மக்களின் கைத்திறன் ஆகியவற்றால் ஓர் ஊருக்கே உரிய சிறப்பைப் பெற்ற பொருளுக்குச் சட்டம் வழங்கும் அடையாளமே புவிசார் குறியீடு ஆகும்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. அங்கு முதலில் பதிவு பெற்றது மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் தேயிலை. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரம் பட்டும் இக்குறியீட்டைப் பெற்றுள்ளது. சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறங்களில் நெய்து, இரண்டும் சேருமிடத்தில் இழைகளைக் கோத்து இணைப்பது 'கோர்வை' எனப்படும். கைத்தறியில் இவ்வாறு ஒரு சேலையை நெய்து முடிக்கப் பல நாள்கள் ஆகும். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று கூறிக் குறைந்த விலைக்கு விற்றால், நெசவாளர் கூலியை இழப்பார்; வாங்குபவரும் ஏமாறுவார்.

வணிகக் குறி ஒரு நிறுவனத்தின் சொத்து. அதனைப் பிறருக்கு விற்கலாம். புவிசார் குறியீட்டை எவரும் விற்க இயலாது. அது அவ்வட்டார உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவானது. எனினும், ஒவ்வொருவரும் தம்மைப் பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இச்சட்டம் செய்முறையைக் காப்பதன்று, பெயரையே காக்கிறது. பிற ஊரார் அதே முறையில் சேலை நெய்யலாம். ஆனால், காஞ்சியின் பெயரைச் சூட்டலாகாது. பொய்யாகச் சூட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படும்.

தொலைவில் வாழ்வோர் தறியையும் தோட்டத்தையும் நேரில் காண்பதில்லை. பெயரை நம்பியே வாங்குகின்றனர். அந்நம்பிக்கை பொய்க்காதிருந்தால்தான் உழைத்தவருக்கு உரிய விலை சென்றுசேரும்.

அருஞ்சொற்பொருள்
கரை – சேலையின் ஓரப்பகுதி
தண்டம் – அபராதம்

பயிற்சி
1. கோர்வை என்பது யாது?
2. வணிகக் குறிக்கும் புவிசார் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. நீ வாழும் மாநிலத்தில் குறியீடு பெற்ற ஒரு பொருளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.