மவுஸைத் தொடாமல் விண்ணப்பம் முடியுமா?

தருமபுரி, அரூர், பென்னாகரம் என எந்த ஊர் இ-சேவை மையமானாலும், விண்ணப்பம் தட்டுபவரின் கை நொடிக்கொரு தரம் மவுஸுக்குப் போனால் வெளியே வரிசை நீளும். பெயரைத் தட்டி டேப் கீயை அழுத்தினால் தகப்பனார் பெயருக்கான கட்டம் தயாராக வேண்டும். அடுத்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழும் என்பதைச் சொல்வதுதான் ஃபோகஸ். அதைப் பற்றி டெவலப்பர்களிடம் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவர்கள் பார்வையற்றோர்தான்.
உண்மை: அவர்களுக்கு அதுவே வழி, 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானும் கீபோர்டு வழியேதான் இயங்குகிறது. ஆனால் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், நாள் முழுக்கப் படிவம் தட்டுபவர்களுக்கும் அதே வழிதான்.

நம்பிக்கை: கட்டத்தைச் சுற்றி வரும் கோடு அழகைக் கெடுக்கிறது, எடுத்துவிடலாம்.
உண்மை: எடுத்தால், எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. உலகளாவிய டபிள்யூசிஏஜி நெறிமுறை இந்த அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, மேலே ஒட்டி நிற்கும் பட்டை ஃபோகஸ் பெற்ற கட்டத்தை முழுதாக மறைக்கக் கூடாது என்றும் சேர்த்தது. மவுஸால் சொடுக்கும்போது பட்டனில் கோடு வேண்டாமென்றால், சிஎஸ்எஸ்ஸின் ‘ஃபோகஸ்-விசிபிள்’ போதும்.

நம்பிக்கை: டேப்இண்டெக்ஸில் 1, 2, 3 என்று போட்டால் வரிசை ஒழுங்காகும்.
உண்மை: எண் போட்டவை முதலில் வரும், போடாதவை எல்லாம் கடைசிக்குத் தள்ளப்படும். நடுவே ஒரு கட்டம் புதிதாகச் சேர்ந்தால் குழப்பம்தான். ஹெச்டிஎம்எல்லில் சரியான வரிசையில் எழுதுங்கள்; 0, -1 தவிர வேறு எண் பெரும்பாலும் தேவைப்படாது.

நம்பிக்கை: ‘டிவ்’வில் கிளிக் வைத்தாலும் பட்டன்தானே?
உண்மை: டேப் அதைத் தாண்டிப் போய்விடும். டேப்இண்டெக்ஸ் 0 கொடுத்தால் ஃபோகஸ் வரும். என்டரும் ஸ்பேஸ்பாரும் அப்போதும் வேலை செய்யாது. ‘பட்டன்’ என்றே எழுதினால் எல்லாம் இலவசம்.

நம்பிக்கை: பாப்அப் திறந்தால் ஃபோகஸ் தானாக உள்ளே போகும்.
உண்மை: வெறும் டிவ்வாகச் செய்த பாப்அப்பில் போகாது, டேப் பின்னாலுள்ள பக்கத்திலேயே சுற்றும். ‘டயலாக்’ உறுப்பை ‘ஷோமோடல்’ கொண்டு திறந்தால் ஃபோகஸ் உள்ளே நுழையும், பின்பக்கம் செயலிழக்கும், எஸ்கேப் மூடும், மூடியதும் பழைய இடத்துக்கே திரும்பும்.

நம்பிக்கை: இதெல்லாம் பெருந்தன்மை, கட்டாயமில்லை.
உண்மை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கியது. எண்ம அணுகல் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த படிவத்தை வெளியிடும் முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் கட்டத்திலிருந்து ‘சமர்ப்பி’ வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். போக முடியவில்லை என்றால் அந்தப் படிவம் இன்னும் முடியவில்லை.