நடுகல்லும் கொடிநாளும்
(சமூக அறிவியல் பகுதி)



ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 7 வந்தால் வகுப்புக்கு ஒரு உண்டியல் வரும். ஒரு சின்ன காகிதக் கொடி தருவாங்க. சட்டையில் குத்திக்கொள்வோம். சாயங்காலம் அது எங்கே போச்சுன்னே தெரியாது. அந்தக் கொடி எதற்காக? இந்த வாரம் அதைத் தெரிந்துகொள்வோம். அதற்கு முதலில் நம்ம மாவட்டத்தின் பழைய கற்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

கல்லில் நின்ற வீரர்கள்

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். இங்கே ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் இறந்தபின் அவனுக்கு நடுகல் நட்டார்கள். அதைப் பார்த்து ஔவையார் மனம் உடைந்து பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆம் பாடலாக இருக்கிறது. ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றும் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்பதுதான் அவர் கேள்வி.

அரசனுக்கு மட்டும்தான் கல் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனால், துரத்திப் போய் மீட்கும்போது இறந்துபோன சாதாரண வீரனுக்கும் ஊர் கல் நட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பல நம்ம பகுதியில் கிடைத்துள்ளன. மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் 'தொறு' என்று பெயர். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், எதற்காகச் செத்தான், அவன் பெயர் என்ன என்று எழுதி, 'பட்டான் கல்' என்று முடிப்பார்கள். 'பட்டான்' என்றால் போரில் இறந்தான் என்று பொருள்.

தொல்காப்பியம் இதற்கு ஆறு படிகள் சொல்கிறது:
1. காட்சி – கல்லைத் தேர்ந்தெடுத்தல்
2. கால்கோள் – வேலையைத் தொடங்குதல்
3. நீர்ப்படை – கல்லை நீராட்டுதல்
4. நடுதல் – கல்லை நிறுத்துதல்
5. பெரும்படை – படையல் இடுதல்
6. வாழ்த்தல் – வீரனைப் புகழ்ந்து வாழ்த்துதல்

இந்த ஆறும் ஒருவர் செய்கிற காரியம் இல்லை, ஊர் கூடிச் செய்கிற காரியம். நம்ம பக்கத்தில் 'வேடியப்பன்' என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்தச் சாமிகளில் பல இப்படிப்பட்ட நடுகற்கள்தான்!

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கல் நட்டதோடு ஊர் நிற்கவில்லை. இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் என்றால் ரத்தம். அவன் சிந்திய ரத்தத்துக்கு ஈடாக அவன் பிள்ளைகள் சாப்பிட நிலம்.

பெயர் இல்லாத கல்

முதல் உலகப்போருக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியக் கிராமங்கள் பலவற்றில் ஒரு பலகைக்கல் பதித்தார்கள். தமிழ்நாட்டிலும் உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. ஆயிரம் வருடத்துக்கு முன் மாடு மீட்டவன் பெயர் நமக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிப் போனவன் பெயர் அந்தக் கல்லைப் பார்த்தால் தெரியாது. யோசித்துப் பாருங்கள்.

டெல்லியில் 25.2.2019 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் இந்தக் குறை இல்லை. சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

கொடிநாள் வந்த கதை

சுதந்திரம் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. போரில் இறந்தவர் குடும்பத்தையும், கை கால் இழந்தவரையும் யார் பார்ப்பது? 28.8.1949 அன்று பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடிநாளாகக் கொண்டாட முடிவு செய்தது. கொடியில் உள்ள சிவப்பு தரைப்படை, கருநீலம் கடற்படை, வெளிர்நீலம் விமானப்படை.

நிதி மூன்று காரியங்களுக்குப் போகிறது:
* போரில் இறந்தவர், ஊனமுற்றவர் குடும்ப மறுவாழ்வு
* பணியில் உள்ள வீரர்கள், அவர்கள் குடும்பத்தினர் நலன்
* முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பத்தினர் நலன்

மூன்றாவது எதற்கு என்று கேட்கலாம். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும். அதனால் சிப்பாய்கள் பலர் நாற்பது வயதைத் தொடும் முன்பே ஓய்வு பெற்று வந்துவிடுகிறார்கள். அப்போதுதான் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு வேலை தேட வேண்டும். இதற்கு உதவத்தான் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன.

பட்டாளத்துத் தாத்தா சொன்னது

எங்க தெருவில் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருக்கிறார். கொடிநாள் அன்று வெள்ளைச் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு, உண்டியல் எடுத்துப் போகும் பிள்ளைகளோடு அவரும் கடை கடையாக நடப்பார். முதல் காசு அவருடையதுதான். "தாத்தா, உங்களுக்காக வசூல் பண்றோம், நீங்களே போடறீங்களே?" என்று கேட்டேன்.

"நான் திரும்பி வந்துட்டேன் கண்ணு. வராதவங்க வீட்டுக்குத்தான் இது" என்றார். கொஞ்சம் கழித்து, "காசு எவ்வளவுங்கறது பெருசில்ல. எதுக்குன்னு கேட்டுட்டுப் போடு" என்றார்.

உதிரப்பட்டி நிலமும் உண்டியல் காசும் ஒரே காரியம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெயரை மறக்காமல் இருப்பது பாதி. அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அஞ்சலி.

நாம் செய்யலாமே!

* தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பாருங்கள். வீரன் கையில் என்ன ஆயுதம் என்று குறித்து வாருங்கள்.
* உங்கள் ஊர் வேடியப்பன் கோயில் கல்லில் எழுத்து இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்க வேண்டாம்.
* உங்கள் ஊர் முன்னாள் படைவீரர்கள் எந்தப் படையில், எங்கே, எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

சிந்திக்க: உங்கள் ஊரில் இன்று ஒரு நடுகல் நட்டால், அதில் யார் பெயரை எழுதுவீர்கள்? அவர் வீட்டுக்கு என்ன செய்வீர்கள்?

வாழ்க தமிழ்! வெல்க பாரதம்!

– பத்தாம் வகுப்பு மாணவி